கும்பிடாமல் நின்றவன்

கற்பூரம் காற்றில் அணைந்து அணைந்து போனது. சிவம் அண்ணை தன் கனத்த உடம்பை மடக்கிக் குந்தி, கிரிக்கெட் பையைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து, திரும்பவும் தீக்குச்சியைக் கிழித்தார். எதிரே ஒரு தட்டைக் கல்லின் மேல் பிள்ளையார். சிலை இல்லை, படம்தான். உள்ளங்கை அளவு அட்டை, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. சுற்றிலும் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் கைகூப்பி வட்டமாக நின்றார்கள்.

அணியில் நானும் ஒருவன். ஆனால் நான் அந்த வட்டத்தில் இல்லை. இருபதடி தள்ளி ஒரு மேப்பிள் மரத்தடியில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

எதிரணிக்காரர்கள் பார்த்தால் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார்கள். சண்டையே இல்லை. என்னை அங்கே நிறுத்தியதே சிவம் அண்ணைதான். நான் கும்பிடாமல் நின்றால்தான் அணி ஜெயிக்கும் என்பது அந்தக் கோடையில் எல்லோருக்கும் ஊர்ஜிதமாகிவிட்ட விஷயம்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் பனிக்காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அந்தக் குளிரில் என்ன விளையாடுவீர்கள், கிரிக்கெட்டா?" என்று ஒரு வாசகர் நக்கலாகக் கேட்டிருந்தார். ஆமாம் ஐயா, கிரிக்கெட்தான். பனி கரைந்து தரை காய்ந்ததும் மாண்ட்ரியலில் முதலில் வெளியே வருவது அணில். அடுத்தது கிரிக்கெட் பை தூக்கிய தமிழன்.

ஆரஞ்சுப் பழம்

நான் திருச்சிக்காரன். காவிரிக் கரையில் வளர்ந்துவிட்டு, ஆறு எப்படி உறைகிறது என்று ஆராய்ச்சி செய்யக் கனடாவுக்குப் போனவன். சிரிக்காதீர்கள், அதற்குத்தான் உதவித்தொகை கொடுத்தார்கள். மாண்ட்ரியலில் கோட்-டெ-நெய்ஜ் என்கிற பகுதியில், பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் ஒரு அறை. கரப்பான்பூச்சிகள் எனக்கு முன்பே அங்கே குடியிருந்தன.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு அங்கே ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து, எதிரே நிற்கிறவனுக்கு என்னவெல்லாம் தெரியாது என்று பொறுமையாகத் தோண்டி எடுப்பார்கள். தேறினால் படிப்பைத் தொடரலாம். தவறினால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் கோட்டை விட்டால் உதவித்தொகை போச்சு, படிப்பு விசா போச்சு, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டியதுதான்.

பனி உருகுகிற நேரத்தில் நான் முதல் வாய்ப்பைக் கோட்டை விட்டேன். ஓடுகிற ஆற்றின் அடித்தரையில் பனிக்கட்டி எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றேன். வாய் திறக்கவில்லை, கையும் ஓடவில்லை. இரண்டாவது வாய்ப்பு செப்டம்பரில் என்றார்கள்.

அந்த வாரம்தான் தெருமுனையில், டெப்பனர் என்று அங்கே சொல்கிற சின்ன மளிகைக் கடையில் சிவம் அண்ணையைப் பார்த்தேன். வரிசையில் நிற்கும்போது கையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை என்னை அறியாமல் மணிக்கட்டால் சுழற்றிச் சுழற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் பந்து போட்ட பழக்கம். முன்னால் நின்ற நீலச் சீருடைக்காரர் திரும்பினார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

"லெக் ஸ்பின்னோ, தம்பி?"

அவ்வளவுதான் அறிமுகம். பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோகிற வேலை அவருக்கு, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். யாழ்ப்பாணத்துக்காரர், வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிரிக்கெட் அணிக்குத் தலைவர். முந்தின வருஷம் அந்த அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார், ஏதோ விருது வாங்கியவர் மாதிரி. வாரத்தில் ஒருநாளாவது அந்தக் கரும்பலகையை மறக்கலாமே என்று நானும் சரி என்றேன்.

எங்கள் வீட்டுப் பரீட்சை

இங்கே கொஞ்சம் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நான் ஏன் மரத்தடிக்குப் போனேன் என்பது புரியாது.

அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. காலண்டரில் சாமி இருந்தால் மேலே உள்ள படத்தைக் கிழித்துவிட்டுத் தேதியை மட்டும் ஆணியில் மாட்டுவார்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அன்று பள்ளி வாசலே திருவிழாவாக இருந்தது. ஹால் டிக்கெட்டைச் சாமி காலடியில் வைத்து எடுத்து வந்தவர்கள், பேனாவுக்குக் குங்குமம் வைத்தவர்கள், சிதறுதேங்காய் உடைத்தவர்கள். என் பெஞ்சுக்காரன் விடைத்தாளில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, அதைத் திருத்துகிறவர் பார்த்து மார்க்கைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து அழித்து, அழித்ததற்குச் சாமி கோபித்துக்கொள்ளுமே என்று திரும்பவும் போட்டான். முதல் கால்மணி நேரம் அவனுக்கு அதிலேயே போனது.

எனக்கு இதெல்லாம் ஒன்றும் கிடையாது. அப்பா காலையில் எழுந்து என் பேனாக்களுக்கு அவரே மை ஊற்றுவார். ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பார். என்னைக் கூட்டிக்கொண்டு வந்து உள்ளே அனுப்பிவிட்டு, மணியடிக்கும் வரை வெளியே வாகை மரத்தடியில் நிற்பார். உட்காரமாட்டார். எல்லாப் பரீட்சைக்கும் அப்படித்தான் நின்றார். அதற்கு என்ன பெயர் என்று அப்போது நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் செருப்படி விழுந்திருக்கும்.

யாரையும் கும்பிடாமலே முதல் வகுப்பு வாங்கியவன் என்று அவர் என்னைப் பற்றி டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லாத இடமில்லை. ஆகவே மாண்ட்ரியலில் நான் தேர்வில் தவறியபோது அந்தத் தோல்வி எனக்கு மட்டும் சொந்தமாக இல்லை. "ஒரு சூடம் கொளுத்தியிருந்தா இந்த நிலைமை வருமா?" என்று அத்தை வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனாளாம். அம்மாதான் போனில் சொன்னாள். அப்பா வாங்கி, அத்தை கிடக்கிறா, நீ படி என்று மட்டும் சொன்னார். குரல் கம்மியிருந்தது.

மரத்தடி

முதல் ஞாயிறு மைதானத்தில் கற்பூரம் ஏற்றியதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் பெரிய கொள்கைக் குன்று ஒன்றும் கிடையாது. கும்பிட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் நடனமாடக் கூப்பிட்டால் ஒருவன் நெளிவானே, அப்படி நெளிந்தேன். ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் மரத்தடிக்கு நழுவினேன். காலையில் சாப்பிடாததால் பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்தேன்.

அன்று ஜெயித்தோம்.

அடுத்த ஞாயிறு எனக்கு மனசு கேட்கவில்லை. புதிதாக வந்தவன், ஒதுங்கி நின்றால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களே என்று வட்டத்தில் போய்க் கைகூப்பி நின்றேன். எங்கள் விக்கெட் கீப்பர் அன்ரன் கத்தோலிக்கர். நகரத்துக்கு மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. அவரே பிள்ளையார் முன்னால் நின்று சிலுவை போடும்போது எனக்கென்ன என்று தோன்றியது. அன்று படுதோல்வி. நான் கைக்கு வந்த இரண்டு கேட்சைத் தவறவிட்டேன்.

சிவம் அண்ணை அந்த வாரம் முழுக்க யோசித்திருக்கிறார். மூன்றாம் ஞாயிறு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தவர் என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு சங்கடம், டாக்டர் கெட்ட செய்தி சொல்ல வந்த மாதிரி.

"தம்பி, நீர் கோவிக்கக்கூடாது. நீர் கும்பிட வேண்டாம். அண்டைக்குப் போலை அந்த மரத்தடியிலை போய் நில்லும்."

ஜெயித்தோம். அதோடு என் தலையெழுத்து முடிவாயிற்று.

முதலில் மரத்தடி மட்டும்தான். பிறகு, அன்றைக்கு நான் முதுகைக் காட்டி நின்றதாக ஒருவருக்கு ஞாபகம் வந்தது. அதுவும் சேர்ந்தது, அசையாமல் நிற்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. நான் பழம் தின்றதை அன்ரன் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வாழைப்பழம் அவர் பொறுப்பு. கொஞ்சம் பச்சையாக இருந்தால்கூட அன்றைய பழம் இப்படி இல்லை என்று குறைபட்டுக்கொள்வார். ஒருமுறை லாவால் பக்கத்தில் ஆட்டம். இல்-பிசார் தீவிலிருந்து காரோடு ஏறிப் போகிற அந்தச் சின்னப் படகில் போனோம். பாதி ஆற்றில் அன்ரன் பழத்தை மறந்துவிட்டது தெரிந்தது. அக்கரையில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடை தேடி ஓடினார். டாஸ் போடத் தாமதமாகி எதிரணித் தலைவர் சத்தம் போட்டார். வாழைப்பழம் வரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

புவாண்ட்-கிளேர் மைதானத்தில் மரமே இல்லை. என்னை விளக்குக் கம்பத்தடியில் நிறுத்திவிட்டு, மரம் இல்லாத குறையைப் பிள்ளையார்தான் பொறுக்கவேண்டும் என்று அண்ணை வேண்டிக்கொண்டார். பொறுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அன்றும் ஜெயித்தோம்.

"படையல் வேறயா?"

இதையெல்லாம் போனில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்றுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதட்டினார்.

"ஏன்டா, மரத்தடியில நிறுத்தி வச்சிருக்காங்க. அசையக் கூடாதுங்கறாங்க. வாழைப்பழம் வைக்கிறாங்க. படையல் வேறயா? வாழ்நாள் பூரா நான் கல்லக் கும்பிடாதன்னு சொல்லிட்டு அலையிறேன், அவங்க உன்னையே புடிச்சுக் கல்லா நட்டுட்டாங்களேடா!"

பிறகுதான் சிரித்தார். அடக்கமாட்டாமல் சிரித்து இருமல் வந்துவிட்டது. அம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுப்பது கேட்டது. தேர்வில் தவறிய பிறகு அப்பா சிரித்து நான் கேட்டது அன்றுதான். அதற்காகவே இன்னும் நாலு மைதானத்தில் நிற்கலாம் என்று தோன்றியது.

என் புகழும் பரவியது. சிவம் அண்ணையின் மனைவி வசந்தி அக்கா குழந்தைகள் காப்பகத்தில், அங்கே கார்டெரி என்பார்கள், வேலைக்குச் சேர பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. வீட்டில் இட்டலி அவிப்பதுகூடப் பிரெஞ்சில்தான். வினைச்சொல்லைச் சொல்லிக்கொண்டே மாவை ஊற்றுவார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் அர்ச்சனை செய்தாயிற்று. அன்ரனோடு மலையில் இருக்கிற பெரிய தேவாலயத்துக்கும் போய் மெழுகுதிரி ஏற்றியாயிற்று. மிச்சம் இருந்தது நான்.

"தம்பி, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம்," என்றார். "வாசல்லை வந்து சும்மா நில்லுங்கோ."

போய் நின்றேன். மழை. பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழ், பரீட்சைக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி, பழத்தோடு. அந்தப் பக்கமாக வந்த ஒரு மூதாட்டி, பஸ் ஓடவில்லையா என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு என் பதில் புரியாமல் தலையாட்டிப் போனார். வசந்தி அக்கா தேறினார். அவருடைய தோழிக்கும் பரீட்சை வந்தது. காலேஜ் போகிற பெண்கள் இரண்டு பேர் போன் பண்ணினார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஊரில் ஆள் தேடி வந்தது என்னிடம்தான்.

சொல்லப்போனால் எனக்கு உள்ளூர எரிச்சலும் இருந்தது. எல்லோர் பரீட்சைக்கும் நான் வெளியே நிற்கிறேன். என் பரீட்சை நெருங்கிக்கொண்டே வந்தது.

அந்தப் படம்

ஆகஸ்ட் கடைசியில்தான் சிவம் அண்ணையிடம் தேர்வு விஷயத்தைச் சொன்னேன். தவறினால் ஊருக்குப் போகவேண்டும் என்றேன். மறுநாள் என் அறைக்கே வந்து, தயங்கித் தயங்கி, என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு அர்ச்சனை செய்யலாமா என்று கேட்டார். நட்சத்திரம் எனக்கே தெரியாது.

வேண்டாம் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். அப்பாவைப் பற்றியும் அத்தை வந்து கேட்டதைப் பற்றியும் சொன்னேன். கும்பிட்டதால்தான் தேறினான் என்று ஒரு பேச்சு வந்தால் அப்பா தாங்கமாட்டார் என்றேன். ஊருக்கு எப்படித் தெரியப்போகிறது என்று அவர் கேட்டார். "எனக்குத் தெரியுமேண்ணே" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பிள்ளையார் படத்தை எடுத்து, துடைத்து, திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அது அவரோடு ஊரிலிருந்து வந்தது. எத்தனை நாட்டு எல்லைகளைத் தாண்டினார் என்பது அவருக்கே கோர்வையாகச் சொல்ல வராது. ஒரு காட்டில் லாரிக்குள் பலரோடு அடைபட்டுக் கிடந்தபோது, மூச்சு முட்டி, இந்தப் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கிடந்ததை மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஒரு நாள் காலையில்கூட அதன் முன்னால் விளக்கேற்றாமல் அவர் வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் வசந்தி அக்கா படத்தைக் கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறார்.

அவர் எழுந்து போகும்போது, சரி தம்பி, உம்மடை விருப்பம் என்றார். நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வெறும் நெற்றி

தேர்வு நாள் காலை. ராத்திரி தூங்கினேனா என்று கேட்காதீர்கள். நாலாவது மாடிக்கு லிஃப்டில் போகாமல் படியேறினேன். ஆற்றின் அடித்தரைப் பனிக்கட்டியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன்.

தேர்வு அறைக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். அங்கே போட்டிருந்த பெஞ்சில் சிவம் அண்ணையும் அன்ரனும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணை ஆஸ்பத்திரி நீலச் சீருடையில் இருந்தார். இரவு வேலை முடிந்து, தூங்காமல் நேரே வந்திருக்கிறார். அன்ரன் கிடங்கு ஜாக்கெட்டோடு, ஷிஃப்டை யாரிடமோ மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

எனக்கு அண்ணையின் முகத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று புரியக் கொஞ்சநேரம் ஆனது. அவர் நெற்றி வெறுமையாக இருந்தது. அந்த நெற்றியைத் திருநீறு இல்லாமல் நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"இண்டைக்கு நான் விளக்குக் கொளுத்தேல்லை, தம்பி," என்றார் மெதுவாக. "வசந்தியும் கொளுத்தேல்லை. இவன் சிலுவையும் போடேல்லை. நீர் உம்மடை அப்பாவுக்குத் தைரியமாய்ச் சொல்லலாம், ஒருத்தரும் கும்பிடாமல் பாஸ் பண்ணினனான் எண்டு."

அன்ரன் ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கை தானாகச் சிலுவை போட்டுவிடுமோ என்ற பயமாம். அதைப் பிறகுதான் சொன்னார்.

சிவம் அண்ணையைப் பார்க்கவே முடியவில்லை. வீட்டைப் பூட்டாமல் வெளியூர் வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கை சட்டைப் பைக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. கால் ஓயாமல் ஆடியது. எத்தனை நாடு தாண்டி வந்த மனிதர், ஒரு தாழ்வாரத்தில் இப்படிக் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் எனக்காக. என் அப்பா சொன்ன ஒரு பேச்சைக் காப்பாற்ற. அப்பாவை அவர் பார்த்ததுகூட இல்லை.

"அண்ணே, நீங்க கும்பிடுங்க," என்றேன்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"எனக்காக இல்லண்ணே. நீங்க இப்படி உக்காந்திருந்தா என்னால உள்ள போக முடியாது. நான்தான் சொல்றேன், கும்பிடுங்க."

என் முகத்தையே பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும், குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். படத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தார். கற்பூரம் ஏற்றினால் கட்டடம் முழுக்கத் தீ எச்சரிக்கை மணி அடிக்கும் என்று அவருக்கே தெரியும். வெறுமனே கைகூப்பிக் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் அன்ரன் கையை விடுவித்து அவசர அவசரமாகச் சிலுவை போட்டார், ஒன்றுக்கு இரண்டாக.

அந்த நேரம் பார்த்து என்னைப் பரீட்சிக்க வேண்டிய பேராசிரியர்களில் ஒருவர் காப்பிக் கோப்பையோடு வந்தார். முதல் தடவை என்னை அந்தப் பனிக்கட்டிக் கேள்வி கேட்டவரே அவர்தான். தாழ்வாரத்தில் வெறுங்காலோடு ஒருவர் கைகூப்பி நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். அண்ணை கண் திறக்கும் வரை அசையவில்லை. பிறகு ஒரு போன்ஜூர் சொல்லிவிட்டு, எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

நான் கும்பிடவில்லை. எனக்கு அது வராது. ஆனால் உள்ளே போகும்போது நடுக்கம் இல்லை. அது ஏன் என்று என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை. சாக்பீஸை எடுத்தேன். கை ஓடியது.

போன்

தேறிவிட்டேன். அண்ணையும் அன்ரனும் தாழ்வாரத்தில் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிய தூக்கில் விலா எலும்பு இரண்டு நாள் வலித்தது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு கத்துக் கத்தினார். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். யாரையும் கும்பிடாம பாஸ் பண்ணிட்டான் பாரு என்று அவளிடம் சொல்வது எனக்குக் கேட்டது. அப்படியே விட்டிருக்கலாம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். ஆனால் அண்ணையை மறைத்துவிட்டு அந்தச் சந்தோஷத்தை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

"அப்பா, கும்பிட்டாங்க," என்றேன். "நான்தான் கும்பிடச் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, வெறும் நெற்றி, கழற்றி வைத்த ஷூ, எல்லாம். அத்தைக்கு இனி அப்பா என்ன பதில் சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

"ராத்திரி வேலை பாத்துட்டுத் தூங்காமயா வந்தாரு?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"ஒரு நாள்கூட விடாதவரு, எனக்காகவா விட்டாரு?"

அதற்கும் ஆமாம் என்றேன். அப்பா மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்றார், நான் கேட்காமலே. பிறகு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இனிமே அவரு கும்பிடறப்ப நீ மரத்தடியில போய் நிக்காத. பக்கத்துல நில்லு. கும்பிட வேணாம். சும்மா பக்கத்துல நில்லு."

அடுத்த ஞாயிறு அந்தக் கோடையின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. மேப்பிள் இலைகள் சிவக்க ஆரம்பித்திருந்தன. காற்றில் குளிர் வந்துவிட்டது. சிவம் அண்ணை கல்லைத் துடைத்துப் படத்தை வைத்தார். எல்லோரும் வட்டமாக நின்றார்கள். நானும் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

அணி முழுக்க என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணை ஒரு பார்வை பார்த்தார், அவர் அடங்கிவிட்டார். கோப்பை போகப்போகிறது என்பதில் அண்ணைக்குத் துளியும் சந்தேகமில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு தீக்குச்சியைக் கிழித்தார்.

தோற்றோம். சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கும் அளவுக்குத் தோற்றோம். வேனில் திரும்பும்போது ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கோட்-டெ-நெய்ஜ் வரை அண்ணைதான் ஓட்டினார். என் கட்டடத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வாற வருசமும் நீர் இங்கைதானே?"

"இங்கதாண்ணே," என்றேன்.

அது போதும் என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.